பேரனுக்கு வாங்கிய லேப்டாப்பும் பெயர்ப்பலகைப் பொய்யும்

பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். மோட்டாரை பெஞ்சில் ஏற்றி, லோடு கொடுத்து, ஆம்பியர், வாட், சூடு மூன்றையும் குறித்த பிறகுதான் பெயர்ப்பலகை அடிக்க விடுவோம். பலகையில் 5 எச்.பி. என்று இருந்தால், காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் இறைத்தாலும் அந்த 5 எச்.பி. வரவேண்டும். பத்து நிமிடம் 5 கொடுத்துவிட்டு, சூடேறியதும் 3-க்கு இறங்கிவிடும் மோட்டாரை 5 என்று விற்றால், எங்கள் பக்கத்து விவசாயி அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கம்பெனி வாசலிலேயே இறக்கி வைத்துவிடுவார். அப்படி இறக்கி வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் 2023-ல் ஒரு பெயர்ப்பலகையை நம்பி ஏமாந்தேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, பேரன் பேத்திக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் எடுத்துக் கொடுக்கும் வயதில் இருக்கும் நம்மவர்களோடு கொஞ்சம் சண்டையும் போடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மூத்த மகளின் பையனுக்கு அந்த வருடம் இன்ஜினியரிங் சீட் கிடைத்தது. படிக்கவும் வேண்டும், கேம் ஆடவும் வேண்டும் என்று லேப்டாப் கேட்டான். மகள் இரண்டு வருடமாகக் கட்டிவந்த ஆர்.டி.யை முடித்து எடுத்தாள். பற்றாததை நான் போட்டேன். ஒரு லட்சத்துக்கு ஓரிரண்டு ஆயிரம்தான் குறைவு. கடைக்கு நானும் கூடவே போனேன். "வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் வாங்கினால் இதைவிட நன்றாக ஓடுமா?" என்று கேட்டேன். கடைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டி, "ஐயா, டெஸ்க்டாப்புல வர்ற அதே பிராசசர்தானுங்க இதுலயும் வருது. பேரைப் பாருங்க" என்றார். பேரைப் பார்த்தேன். ஒன்றாகத்தான் இருந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பையன் தயங்கித் தயங்கி வந்தான். "அப்புச்சி, மொத அஞ்சு நிமிஷம் சூப்பரா ஓடுதுங்க. அப்பறம் திணறுது." பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஃபேன் சத்தம் மிக்ஸி போல. கீபோர்டுக்கு மேல் பக்கம் கை வைக்க முடியவில்லை. பிராசசரின் சூடு 97 டிகிரி என்று திரையிலேயே காட்டியது. பழைய பழக்கம் விடுமா? பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்தில் 165 வாட் இழுத்தது, பத்து நிமிடத்தில் 110-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. பெஞ்சில் இருந்திருந்தால் 'ரிஜெக்ட்' என்று சாக்பீஸால் எழுதித் தள்ளி வைத்திருப்பேன்.

கடைக்குத் திரும்பிப் போனோம். "கோளாறு ஒண்ணும் இல்லீங்க ஐயா, எல்லா லேப்டாப்பும் அப்படித்தான்" என்று சொல்லி, அடியில் வைக்க ஃபேன் வைத்த ஸ்டாண்டு ஒன்றை 1,500 ரூபாய்க்கு விற்றார். ஸ்டாண்டு வீண்தான். ஆனால் அவர் சொன்ன முதல் வாக்கியம் உண்மை. அந்த லேப்டாப்பில் கோளாறே இல்லை. அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

வீட்டுக்கு வந்து கம்பெனிகளே வெளியிடும் விவரப் பட்டியல்களை எடுத்துப் படித்தேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். இன்டெலின் 13-ஆம் தலைமுறை ஐ7. டெஸ்க்டாப்புக்கான ஐ7-13700-ல் 16 கோர்: எட்டு பெரியது, எட்டு சிறியது. உச்ச லோடில் 219 வாட் வரை இழுக்கலாம். லேப்டாப்புக்கான ஐ7-13700எச்-ல் 14 கோர், பெரியது ஆறுதான். உச்சம் 115 வாட், அடிப்படை 45 வாட். மெல்லிய லேப்டாப்பில் வரும் ஐ7-1355யு-வில் 10 கோர், அதில் பெரியது இரண்டே இரண்டு. அடிப்படை 15 வாட். மூன்றுக்கும் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 'ஐ7'. வித்தியாசமெல்லாம் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றை எழுத்தில். கடையில் அந்த எழுத்தை யார் வாசித்துக் காட்டுகிறார்கள்?

இது புதுசும் இல்லை. 2016-ல் வந்த ஐ7-7500யு என்ற லேப்டாப் பிராசசரில் இருந்தது இரண்டு கோர். அதே தலைமுறையில், அதைவிடக் கீழ்ப்படி என்று பெயர் வைத்த டெஸ்க்டாப் ஐ5-7400-ல் நான்கு கோர். ஏழு பெரிதா ஐந்து பெரிதா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் ஏழு என்றுதான் சொல்லும். அந்தப் பிள்ளைக் கணக்கை வைத்துத்தான் நம்மிடம் வியாபாரம் நடக்கிறது.

ஏஎம்டி யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் ரைசன் 5 7600எக்ஸ் என்று டெஸ்க்டாப்புக்கு ஒன்று வந்தது. ஆறு கோர், அன்றைக்குப் புத்தம்புதிய ஜென் 4 வடிவமைப்பு. அதே மாதம் ரைசன் 5 7520யு என்று லேப்டாப்புக்கு ஒன்றை அறிவித்தார்கள். நான்கு கோர், உள்ளே இருந்தது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. இரண்டும் 'ரைசன் 5', இரண்டும் ஏழாயிரம் வரிசை.

கேமுக்கு முக்கியமான கிராஃபிக்ஸ் சிப்பிலும் இதே கதைதான். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070 டெஸ்க்டாப் கார்டில் 12 ஜிபி மெமரி, 200 வாட். லேப்டாப் 4070-ல் 8 ஜிபி. வாட் எவ்வளவு தெரியுமா? 35 முதல் 115 வரை, லேப்டாப் செய்பவர் விருப்பம். ஒரே பெயர் போட்ட இரண்டு லேப்டாப்பை அருகருகே வைத்தால் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு வாட் வாங்கலாம். மோட்டாரில் இப்படிச் செய்தால் எங்கள் மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

வாட் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். கேம் ஓடும்போது திரையில் நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் யார் எங்கே நகர்ந்தார், எது எதில் மோதியது என்று பிராசசர் கணக்குப் போட்டு கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சொல்ல வேண்டும், அது வரைய வேண்டும். ஒருவர் தாமதித்தால் அடுத்தவர் காத்திருப்பார். அதுதான் பையன் சொன்ன 'திணறல்'. இந்த வேலை ஒரு நிமிடத்தில் முடிவதில்லை. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். உள்ளே போகும் கரண்ட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். டெஸ்க்டாப்பில் அந்தச் சூட்டை வெளியேற்றக் கையளவு ஃபேன், உயரமான அலுமினியத் தகடுகள், பெட்டி நிறைய காற்று. லேப்டாப்பில் இரண்டு விரல் கனத்துக்குள் பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் பல சமயம் ஒரே செம்புக் குழாயைப் பங்கு போட்டுக்கொண்டு மூச்சு விட வேண்டும். முடியாதபோது சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது புத்திசாலித்தனம்தான், இல்லாவிட்டால் கருகிவிடும். ஆனால் அந்தக் குறைந்த வேகத்தைத்தானே பெயர்ப்பலகையில் எழுத வேண்டும்?

லேப்டாப் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. ஹாஸ்டல் அறைக்கு டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கரண்ட் போனால் லேப்டாப் அணையாது. மின்கட்டணமும் குறைவு. டெஸ்க்டாப் 350 வாட், லேப்டாப் 150 வாட் என்று வைத்து தினம் மூன்று மணி நேரம் கணக்குப் போட்டால் மாதம் 18 யூனிட் வித்தியாசம் வரும். எச்எக்ஸ் என்று முடியும் லேப்டாப் பிராசசர்களும் இருக்கின்றன. ஐ9-13900எச்எக்ஸ்-ல் டெஸ்க்டாப் ஐ9 போலவே 24 கோர், உச்சம் 157 வாட். நன்றாகவே ஓடும். ஆனால் அந்த லேப்டாப்பின் விலையும் எடையும் சேர்த்துப் பார்த்தால், மடியில் வைக்கும் சாமான் என்று அதைச் சொல்ல நாக்கு கூசும்.

டெஸ்க்டாப் என்றாலே ஒழுங்கு என்றும் இல்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலை தடுமாறி, 2024-ல் கம்பெனியே திருத்தம் வெளியிட்டு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டிக்க வேண்டி வந்தது. அதனால் "பெரிய நம்பர் வாங்கு" என்ற யோசனை டெஸ்க்டாப்பிலும் தப்பு. 2023-ல் வந்த ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் எட்டே கோர், ஆனால் 96 எம்பி கேஷ் மெமரி. பல கேம்களில் அது 253 வாட் வரை இழுக்கும் 24 கோர் ஐ9-13900கே-வுக்குச் சமமாகவோ முன்னாலோ நின்றது, அதுவும் குறைந்த கரண்டில். கேமுக்குக் கோர் எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

போன வருடம் பையனின் தங்கை தனக்கும் கம்ப்யூட்டர் கேட்டாள். இந்த முறை ஸ்டிக்கர் பார்க்கவில்லை, பட்டியல் போட்டோம். ஐ5-12400எஃப் பிராசசர், ஆறு கோர், உச்சம் 117 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு, 115 வாட். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் எல்லாம் சேர்த்து சுமார் 80 ஆயிரம் ஆனது. அண்ணனுடைய லேப்டாப்பில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அதே மீட்டரைச் செருகி ஒன்றரை மணி நேரம் ஓட விட்டேன். கேமுக்குத் தகுந்தபடி முள் கொஞ்சம் ஆடியது, இறங்கவில்லை. டெஸ்டிங் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு நிம்மதியாக ஒரு மீட்டரை நான் பார்த்ததில்லை.

நாளை கார்டு பழசானால் கார்டை மட்டும் மாற்றலாம். மெமரி பற்றாவிட்டால் மெமரியை மட்டும் வாங்கலாம். லேப்டாப்பில் பிராசசரையும் கிராஃபிக்ஸ் சிப்பையும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். ஒன்று பழசானால் மொத்தமும் பழசு. பேரிங் போனதற்கு மோட்டாரையே தூக்கிப் போடச் சொல்வது போல.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. மோட்டார் பெயர்ப்பலகையில் தொடர்ந்து ஓடும் வேலைக்கு எவ்வளவு என்று அடிக்கிறோம். எஸ்1 என்றால் இடைவிடாமல் ஓடலாம் என்று அர்த்தம். ஒரு லேப்டாப்பின் மேலும் அப்படி ஒரு வரி அடிக்கட்டும்: ஒரு மணி நேரம் முழு லோடில் பிராசசர் இத்தனை வாட், கிராஃபிக்ஸ் இத்தனை வாட். பல கம்பெனிகளின் பட்டியலில் தேடினால் ஒரு உச்ச எண் கிடைக்கும். நிற்கும் எண் கிடைக்காது. உச்சத்தை விற்று, நிற்பதை மறைப்பதற்குப் பெயர் வியாபாரம் இல்லை.

அவர்கள் அடிக்கும் வரை நாம் கேட்போம். கடையில் "இது ஐ7-ஆ, ஐ9-ஆ?" என்று கேட்காதீர்கள். "கடைசி எழுத்து என்ன? கிராஃபிக்ஸுக்கு எத்தனை வாட் விட்டிருக்கிறார்கள்? அரை மணி நேரம் ஓடவிட்டுக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை ஹாஸ்டலில் இல்லையென்றால் கேமுக்கு டெஸ்க்டாப்தான், இரண்டாவது யோசனையே வேண்டாம். ஹாஸ்டல் என்றால் படிப்புக்கு ஒரு சாதாரண லேப்டாப் போதும். விளையாட்டு விடுமுறைக்கு வீட்டில் காத்திருக்கட்டும்.

மகளிடம் அந்தப் பணத்தைப் பற்றி நான் இதுவரை பேசவில்லை. அவளும் கேட்டதில்லை. பையன் லீவுக்கு வந்தால் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. நேராகத் தங்கையின் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். "எந்திரிடா, என்னோடது" என்று அவள் கத்துவது எனக்குத் திண்ணை வரை கேட்கிறது.