உப்பு வாளியும் மீன் முட்டைகளும்

ஒக்டோபர் முதல் சனிக்கிழமை வாலிபர் ஐக்கியத்தோடு மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போயிருந்தேன். எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு நின்றோம். ஹைலன்ட் கிறீக்கில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அதற்குள் ஒரு கை நீளமான சின்னூக் சால்மன்கள் முதுகு வெளியே தெரிய எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருந்தன. கரையோரம் சில செத்துக் கிடந்தன. "அக்கா, ஆற்றில் ஏதும் நஞ்சு கலந்துவிட்டதா?" என்று ஒரு தம்பி கேட்டார். இல்லைத் தம்பி, சின்னூக் முட்டையிட்டபின் சாவது அதன் இயல்பு.

திரும்பி வரும்போது ஒரு யோசனை வந்தது. பணம் சேர்த்து, மீன்குஞ்சு விடும் திட்டம் ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். நல்ல மனதுதான். ஆனாலும் நான் அதற்கு முன் வேறொன்றைக் கேட்கிறேன். நம் சபையின் கார்ப் பார்க்கில் கொட்டும் உப்பைக் குறைப்போம்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒன்ராறியோ ஏரியின் சொந்த மீன் அத்திலாந்திக் சால்மன். ஆலைகளுக்காக ஓடைகளுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். கரைக் காடுகளை வெட்டினார்கள். நிழல் போனதும் தண்ணீர் சூடானது, மண் கரைந்து சரளைக் கற்களை மூடியது. அளவுக்கு மீறிப் பிடித்தார்கள் என்பதும் உண்மை. 1860களிலேயே சாமுவேல் வில்மட் என்பவர் நியூகாசிலில் குஞ்சு பொரிக்கும் நிலையம் தொடங்கி, குஞ்சுகளை ஆற்றில் விட்டார். அப்படியிருந்தும் 1900க்குள் அந்த மீன் ஏரியில் இல்லாமலே போனது. நாம் பார்த்த சின்னூக்கின் முன்னோர் பின்னாளில் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. இரத்தக் கசிவை நிறுத்தாமல் இரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தால் நோயாளி பிழைப்பாரா? 2006இல் அத்திலாந்திக் சால்மனை மீட்கத் தொடங்கியவர்கள் அந்தப் பாடத்தைப் படித்திருந்தார்கள். கிரெடிட் ஆறு, டஃபின்ஸ் கிறீக், கோபர்க் புரூக் ஆகியவற்றில் குஞ்சு விட்டதோடு நிற்காமல், கரைகளில் மரம் நட்டார்கள், மீன் மேலேறத் தடைகளில் வழி செய்தார்கள்.

பெண் சால்மன் வாலால் சரளையைக் கிண்டிக் குழி செய்து, முட்டையிட்டு மூடிவிடும். முட்டைகள் குளிர்காலம் முழுவதும் அந்தக் கற்களுக்கு அடியில்தான் இருக்கும். கல் இடுக்குகளால் ஓடும் தண்ணீர்தான் அவற்றுக்கு மூச்சு. அதே மாதங்களில்தான் நாம் வாளி வாளியாக உப்பு வீசுகிறோம்.

சால்மன் கடலுக்குப் போகும் மீன்தானே, உப்பு என்ன செய்யும் என்று கேட்கலாம். கடலுக்குப் போவது வளர்ந்த மீன். முட்டையும் குஞ்சும், அந்தக் குஞ்சு தின்னும் பூச்சிகளும் நன்னீருக்கென்று பிறந்தவை.

நான் வேலையில் தினமும் தொங்கவிடும் ஒரு லிட்டர் சேலைன் பையில் 9 கிராம் உப்பு இருக்கிறது. நன்னீர் உயிர்கள் நீண்டகாலம் தாங்கக்கூடியதாகக் கனடாவில் வகுத்திருக்கும் குளோரைட் அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த 9 கிராம் உப்பே சுத்தமான தண்ணீர் 45 லிட்டரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். கடையில் வாங்கும் 20 கிலோ மூட்டை ஒன்று? ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். கார்ப் பார்க் மூலையில் இருக்கும் இரும்புக் கம்பி மூடி வழியாகப் போவது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அல்ல, ஓடைக்கு. உப்பு மக்கிப் போகிற பொருளும் அல்ல. நிலத்தடியில் இறங்கியது கோடையிலும் மெல்ல ஊறி ஓடைக்கு வரும்.

இப்போது என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஜனவரியில் ஆராதனை முடிந்து வரும்போது அம்மம்மா ஒருவர் வாசலில் வழுக்கி விழுந்தார். அன்று "இன்னும் கொட்டுங்கள்" என்று உரக்கச் சொன்னவள் நான்தான். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களை வார்ட்டில் பார்த்துப் பழகியவள் நான். அவர்களில் எல்லோரும் பழையபடி நடப்பதில்லை. ஒரு மீனுக்காக ஒரு அம்மம்மாவை விழவிடச் சொல்ல எனக்கு மனம் வராது, வரவும் கூடாது.

ஆனால் அன்று அவர் விழுந்த இடத்தில் உப்பு இல்லாமல் இல்லை. அள்ளாத ஸ்நோவின் மேல் உப்புக் குவியலாகக் கிடந்தது. குளிர் சைபருக்குக் கீழே 10 பாகையைத் தாண்டினால் சாதாரண உப்பு பெரிதாக ஒன்றையும் உருக்காது. அந்தக் குளிரில் காலுக்குப் பிடி கொடுப்பது மணல்தான். (மணலும் ஓடைக்குப் போனால் சரளையை மூடும். ஆகவே மார்ச் மாதம் கூட்டி அள்ளியே ஆகவேண்டும்.) முதலில் நிலம் தெரியுமட்டும் அள்ளுவது, பிறகு தேவையான இடத்துக்கு மட்டும் கொஞ்சம் தூவுவது. 20 அடி டிரைவ்வேக்கு ஒரு காபிக் கோப்பை உப்பு போதும் என்கிறார்கள். முதியோர் இறங்கும் வாசல் பக்கத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வோம்; பின்பக்கத்தில் பாதி இடத்தை மூடியே வைக்கலாம், அங்கே ஈஸ்டருக்குத்தான் கார் நிற்கிறது.

இதற்குக் காசு வேண்டாம், முதுகு வேண்டும். ஒப்பந்தக்காரர் அதிகாலையில் வந்து உப்பை வீசிவிட்டுப் போவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். நவம்பர் பொதுக்கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன். ஸ்நோ விழும் ஞாயிறுகளில் காலை 7 மணிக்குச் சவலோடு வர இப்போதைக்கு என்னோடு இரண்டு பேர் இருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும். நைட் டியூட்டி முடிந்து நேரே வருகிற நாட்களில் எனக்குத் தேநீர் யாராவது கொண்டுவர வேண்டும்.