பூஜ்யத்தை விலைக்கு விற்றவர்கள்

“பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியது பெற்றோர் வேலை. அரசுக்கு இதில் என்ன?”

வீடியோ கேம்களில் காசுக்கு விற்கப்படும் லூட் பாக்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இந்தப் பதில் தயாராக வந்து நிற்கிறது. இந்த வாரமும் வந்தது. அதுவும் நன்றாகப் படித்தவர்கள், நல்ல சம்பளத்தில் இருப்பவர்கள் வாயிலிருந்து வந்தது. இனியும் பேசாமல் இருக்க முடியாது.

ஆன்லைன் ரம்மிக்கு எதிராகத் தமிழ்நாடு பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். நீதிபதி சந்துரு குழு, அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, மறுபடியும் சட்டமன்றம், கடைசியில் 2023 ஏப்ரலில் ஒப்புதல், அதற்குப் பிறகும் நீதிமன்றப் படிகள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அத்தோடு வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிட்டோம். ரம்மி ஆடியவர் அப்பா. லூட் பாக்ஸ் வாங்குவது பிள்ளை. அப்பாவைக் காப்பாற்றச் சட்டம் வந்துவிட்டது. பிள்ளைக்கு இன்னும் வரவில்லை.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருப்பவர்களுக்கு லூட் பாக்ஸ் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஒரு ஸ்கின் வேண்டும், அல்லது ஆட்டத்தில் வரும் வீரனுக்கு ஒரு உடை வேண்டும். வேண்டியதை நேராக விலை கொடுத்து வாங்க முடியாது. பெட்டியைத்தான் வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகுதான் தெரியும். அந்தப் பெட்டியையும் ரூபாய்க்குத் தர மாட்டார்கள். முதலில் ரூபாயைக் கொடுத்து டைமண்ட், யூ.சி. என்ற பெயர்களில் உள்ள விளையாட்டுக் காசை டாப்-அப் செய்ய வேண்டும். பிறகு அதைக் கொடுத்துப் பெட்டி. ஒரு பெட்டி எத்தனை ரூபாய் ஆயிற்று என்று பிள்ளை கணக்குப் போடுவதற்குள் அடுத்த பெட்டியும் திறந்துவிடும்.

பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறவர்கள் தென் கொரியாவில் நடந்ததை ஒரு முறை படிக்க வேண்டும்.

நெக்ஸான் என்று ஒரு நிறுவனம். அதன் மேப்பிள் ஸ்டோரி விளையாட்டு அந்த நாட்டில் ஒரு தலைமுறையே ஆடி வளர்ந்த விளையாட்டு. 2010-ல் அதில் ‘கியூப்’ என்ற பொருளைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். கியூபைப் பயன்படுத்தினால் ஆட்டக்காரரின் ஆயுதத்துக்குக் கூடுதல் சக்திகள் கிடைக்கும். எந்தச் சக்தி கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். மூன்று இடத்திலும் ஒரே நல்ல சக்தி வந்து விழ வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். அதற்காக வாங்கினார்கள், மறுபடி வாங்கினார்கள்.

அப்படி விரும்பப்பட்ட சில சேர்க்கைகள் கிடைப்பதற்கான வாய்ப்பை 2011 ஆகஸ்டில் நிறுவனம் பூஜ்யமாக்கிவிட்டது. ஆயிரத்தில் ஒன்றல்ல, லட்சத்தில் ஒன்றல்ல. பூஜ்யம். உலகத்தையே விற்றுக் கியூப் வாங்கினாலும் கிடைக்காது. இதைச் செய்துவிட்டு, மாற்றம் எதுவும் இல்லை என்று ஆட்டக்காரர்களுக்கு அறிவிப்பும் கொடுத்தார்கள். 2021 மார்ச் வரை அப்படியே ஓடியது. ஒன்பதரை ஆண்டுகள்! எட்டாம் வகுப்பில் ஆட ஆரம்பித்த பையன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும் வரை, இல்லாத ஒன்றுக்காகப் பணம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்த ஒன்பதரை ஆண்டுகளில் கொரியத் தாய் தகப்பன் யாரும் பிள்ளையைக் கண்டிக்கவில்லையா? கண்டித்திருப்பார்கள். போனைப் பிடுங்கியிருப்பார்கள், கணினியின் வயரை உருவியிருப்பார்கள். ஆனால் அந்தப் பூஜ்யத்தைக் கண்டுபிடிக்க எந்தத் தகப்பனால் முடியும்? அது இருந்தது நிறுவனத்தின் சர்வரில். ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்து, மின்பலகை பூட்டிய லாரிகளை அனுப்பிப் போராடினார்கள். நிறுவனத்தை உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, ஆவணத்தை வாங்கிப் பார்த்து, நடந்தது ஏமாற்று என்று தீர்மானித்தது அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம். 2024 ஜனவரியில் 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது; நம் பணத்தில் சுமார் 70 கோடி ரூபாய். அதே ஆண்டு மார்ச்சில், எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை நிறுவனங்கள் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

அரசுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்களே, இதுதான் வேலை. போனைப் பிடுங்கப் பெற்றோரால் முடியும். சர்வரைத் திறந்து காட்டு என்று சொல்ல அரசால் மட்டும்தான் முடியும்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்ற காலத்தில்கூடக் குலுக்கல் என்று ஒன்று நடந்தது. எந்த எண்ணுக்குப் பரிசு என்பது அச்சாகி வந்தது. ஊரே வாங்கிப் பார்த்தது. கூலிக்காரர் குடும்பங்களை அது குடித்துத் தீர்த்தது என்பதால் அந்த லாட்டரியையே 2003-ல் இந்த மாநிலம் ஒழித்தது, சரியாகத்தான் செய்தது. இன்றைக்குப் பிள்ளை கையில் இருக்கும் பெட்டிக்குக் குலுக்கலும் இல்லை, சாட்சியும் இல்லை.

பிரிட்டன் நாடாளுமன்றக் குழு முன்பு 2019-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற விளையாட்டு நிறுவனத்தின் பிரதிநிதி வந்து, லூட் பாக்ஸ் கிண்டர் முட்டை போன்றதுதான், உள்ளே என்ன பொம்மை என்று தெரியாத சந்தோஷம்தான் என்று வாதாடினார். முட்டையைக் கடையில் ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். கூடப் பெரியவர் ஒருவர் நிற்கிறார். வாங்கும் பிள்ளை நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான், எந்தப் பொம்மைக்கு ஏங்குகிறான் என்பதெல்லாம் முட்டைக்குத் தெரியாது. விளையாட்டை நடத்துகிறவர்களுக்கோ அவன் எத்தனை மணி நேரம் ஆடினான், எந்த இடத்தில் தோற்றான், எதை வாங்கினான் என்பதெல்லாம் தெரியும்.

சட்டம் போட்ட நாடுகள் எல்லாம் வென்றுவிட்டன என்று சொல்லவில்லை. நெதர்லாந்து இதே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. சூதாட்டச் சட்டத்துக்குள் இது வராது என்று 2022-ல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. பெல்ஜியம் 2018-லேயே லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்று அறிவித்தது. ஆனால் அங்கே அதிகம் சம்பாதிக்கும் 100 ஐபோன் விளையாட்டுகளை 2022-ல் ஓர் ஆய்வு பார்த்தபோது 82-ல் லூட் பாக்ஸ் இருந்தது. சட்டம் போட்டுவிட்டு, கண்காணிக்க ஆள் போடாமல் விட்டால் இப்படித்தான் ஆகும்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சூதாட்டமா இல்லையா என்ற வழக்கில் மாட்டிக்கொண்டால் பத்து வருடம் நீதிமன்றத்தில் போய்விடும். ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்று நாம் பட்டது போதும். 2025 சட்டம், பணம் கட்டிப் பணமோ வேறு ஆதாயமோ எதிர்பார்த்து ஆடுவதைத் தடுக்கிறது. லூட் பாக்ஸ் என்று பெயர் சொல்லி அதில் ஒரு வரி இல்லை. “ஸ்கின்னை விற்றுப் பணமாக்க முடியாதே, இதில் ஆதாயம் ஏது?” என்று வக்கீல் எழுந்து நின்றால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும்.

ஆகவே வேறு வாசலில் நுழைய வேண்டும். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் ஜென்ஷின் இம்பாக்ட் விளையாட்டு நிறுவனத்தை நுகர்வோரை ஏமாற்றியதற்காகத்தான் பிடித்தது. இரண்டு கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் லூட் பாக்ஸ் விற்கக் கூடாது, வாய்ப்பு விகிதத்தையும் விளையாட்டுக் காசின் உண்மையான மதிப்பையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றும் நிபந்தனை வந்தது. பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும் என்றால், முதலில் பெற்றோரைக் கேட்கும்படி நிறுவனத்தைக் கட்டாயப்படுத்த வேண்டும் அல்லவா?

பிள்ளை ஏன் அந்தப் பெட்டியே கதி என்று கிடக்கிறான் என்பதையும் பேசியாக வேண்டும். இதை நாம் பல முறை எழுதியிருக்கிறோம். கேட்கும் வரை எழுதுவோம். மைதானம் இல்லாத பள்ளிகளுக்கு யார் அனுமதி கொடுத்தது? மைதானம் இருக்கும் பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வதை எந்தத் தலைமை ஆசிரியர் தடுக்கிறார்? பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் பந்தைத் தொடவே விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ். தெருவில் ஆடினால் வண்டி, மாடியில் ஆடினால் கீழ்வீட்டுக்காரர். அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே மைதானம் அந்த ஆறு அங்குலத் திரை. அங்கேதான் அவன் நண்பர்கள் இருக்கிறார்கள். புது ஸ்கின் இல்லாதவனை அங்கே கேலி செய்கிறார்கள். அந்த அவமானத்தைத்தான் நிறுவனம் காசாக்குகிறது. பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை போட்டு, அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் முடிந்துவிடும் வேலை.

லூட் பாக்ஸைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கும் புதுச் சட்டம் தேவைப்படாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2023 நவம்பரில், இணையத்தில் மக்களை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறார்கள். பதினான்காவதாக லூட் பாக்ஸையும் சேர்க்கட்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் காசுக்குப் பெட்டி விற்கக் கூடாது. பெரியவர்களுக்கு விற்றால் விலை ரூபாயில் இருக்க வேண்டும், வாய்ப்பு விகிதம் திரையிலேயே தெரிய வேண்டும். அந்த விகிதம் உண்மைதானா என்று சர்வரைத் திறந்து பார்க்கும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்க வேண்டும். பார்க்கத் தெரிந்த ஆட்களையும் அங்கே நியமிக்க வேண்டும்.