மூக்குக்கு ஒரு பதியம்

மூக்கு நுனியில் ஆறாத புண். பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. உடனே மனம் கேட்பது, "முகம் என்ன ஆகும்?" என்றுதான். அந்தப் பயத்திலேயே ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. மூக்கில் அதிகம் வரும் பேசல் செல் புற்று வேறு உறுப்புகளுக்கு அரிதாகவே பரவும். ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்தைக் குருத்தெலும்பு வரை அரிக்கும். தள்ளிப்போடத் தள்ளிப்போட, வெட்ட வேண்டிய இடம்தான் பெரிதாகும்.

வெட்டிய பள்ளத்தில் வேறிடத்துத் தோலை ஒட்டினால் போதாதா? சில சமயம் போதும். ஆனால் அப்படி ஒட்டும் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் இல்லை. அடியில் இருக்கும் சதைதான் அதை வாழவைக்க வேண்டும். வெறும் குருத்தெலும்பின் மேல் வைத்தால் கருகிவிடும்.

அங்கேதான் தோல் மடல் கைகொடுக்கிறது. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போடுவோமே, அதேதான். வேர் பிடிக்கும்வரை தாய்ச்செடிதான் ஊட்டும். அதுபோல நெற்றித் தோலில் ஒரு நீளப் பட்டையைப் பிரித்து, புருவத்தின் உள்முனைப் பக்கம் ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கும்படி விட்டு, திருப்பி மூக்கில் தைக்கிறார்கள். நிறமும் தடிமனும் மூக்குக்கு நெருக்கமாகப் பொருந்துவது நெற்றித் தோல்தான்.

இது நம் நாட்டுக் கைவேலை. புனேயில் ஒரு மாட்டுவண்டிக்காரருக்கு இப்படி மூக்கு அமைத்ததை 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்று படத்தோடு வெளியிட்டது. அதன் பிறகுதான், 1814-இல், கார்ப்யூ என்ற ஆங்கிலேயர் அங்கே இதைச் செய்து பார்த்தார். அன்று மெழுகில் அளவெடுத்தார்கள். இன்று தையல் நூல் வரும் உறையின் ஈயத்தாளைப் பள்ளத்தின் வடிவில் வெட்டி நெற்றியில் வைத்து வரைகிறார்கள்.

ஒன்றில் மட்டும் அவசரம் கூடாது. ஓரங்களில் புற்று மிச்சமில்லை என்று நோய்க்கூறு மருத்துவர் சொன்ன பிறகே மடலைத் தைக்க வேண்டும். மிச்சம் இருந்தால் மடல் அதை மூடி மறைத்துவிடும்.

முதல் சில நாள் நர்ஸ் விரலால் மடலை அழுத்திப் பார்ப்பார். வெளுத்துச் சில நொடியில் மறுபடி சிவந்தால் நல்லது; நீலம் பாய்ந்தால் ரத்தம் திரும்ப வழியில்லாமல் தேங்குகிறது என்று பொருள். பீடி, சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும். அதைக் கண்டிப்பாக விட்டாக வேண்டும்.

சுமார் மூன்று வாரம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே அந்தத் தோல் பாலம் தொங்கும். பார்க்கச் சங்கடம்தான். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டார் கலங்கிப்போவார்கள். அதனால் கையெழுத்து வாங்கும்போதே படம் காட்டி விளக்குவது மருத்துவரின் கடமை. மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புது இடத்தில் ரத்தக்குழாய்கள் வேர்விட்ட பிறகு பாலத்தை அறுத்துவிடுவார்கள். நெற்றியில் மிஞ்சுவது மேலிருந்து கீழாக ஒரு கோடு.