சிவப்புக் குமிழும் வாடகைச் சீட்டும்

புதிய எஞ்சின், ஈயமில்லா எரிபொருள், மின்விமானம் என்று பேச்சு சூடாகும்போது, ஹேங்கரில் நிற்கும் செஸ்னா 172-ஐ யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் லைகாமிங் ஐஓ-360 எஞ்சின் 180 குதிரைத்திறன் கொண்டது. 65 விழுக்காடு திறனில் கலவையை முறையாக லீன் செய்து பறந்தால் மணிக்குச் சுமார் 32 லிட்டர் ஆகும். முழு ரிச்சில் விட்டால் அதே திறனுக்கு 38 லிட்டர் வரை போகும். கூடுதல் ஆறு லிட்டரால் வேகம் கூடுவதில்லை. அது அரைகுறையாக எரிந்து எக்ஸாஸ்ட் வழியே வெளியேறுகிறது.

75 விழுக்காட்டுக்குக் கீழே லீன் செய்ய லைகாமிங்கின் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1094 வழி சொல்கிறது. இருந்தும் பயிற்சியில் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழைத் தொடவே பலர் தயங்குகிறார்கள். கோ-அரவுண்டில் மாணவர் அதை உள்ளே தள்ள மறந்துவிடுவாரோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அது சர்க்யூட்டுக்குப் பொருந்தும். ஒரு மணி நேர கிராஸ்-கன்ட்ரிக்கு எப்படிப் பொருந்தும்? உண்மையான காரணம் வாடகைச் சீட்டில் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. எரிபொருளையும் சேர்த்து மணிக்கு இவ்வளவு என்று வசூலித்தால், மிச்சம் பிடிப்பதால் ஓட்டுபவருக்கு ஒரு பைசா லாபமில்லை. அதிலும் ஹாப்ஸ் மீட்டர்படி பில் போட்டால், மெதுவாகப் பறப்பவருக்கு நஷ்டம்தான்.

இழப்பு எரிபொருளோடு நிற்பதில்லை. விமானப் பெட்ரோலான 100 எல்எல்லில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். எரிபொருளில் சேர்க்கும் எத்திலீன் டைபுரோமைடு அந்த ஈயத்தை ஆவியாக்கி வெளியே தள்ள வேண்டும். அதற்குப் போதிய சூடு வேண்டும். முழு ரிச்சில் நீண்ட நேரம் டாக்ஸி செய்தால் அந்தச் சூடு கிடைக்காமல் ஈயம் பிளக்கில் படியும். ரன்-அப்பில் 1,800 ஆர்பிஎம்மில் ஒரு மேக்னட்டோவுக்கு மாற்றியதும் எஞ்சின் உதறி, முள் 150 ஆர்பிஎம்முக்கும் மேல் சரியும். கழற்றிப் பார்த்தால் கீழ்வரிசை பிளக்கின் குழிக்குள் கடுகளவு சாம்பல்நிறக் குண்டுகள். அவற்றைச் சுரண்டி எடுக்கும் பொறியாளரின் நேரம் எரிபொருள் கணக்கில் வருவதே இல்லை. பெங்களூரின் ஜக்கூர் போன்ற, சுமார் 3,000 அடி உயரத்திலுள்ள தளத்தில் இது இன்னும் மோசம்: 35 டிகிரி வெயிலில் அங்கே டென்சிட்டி ஆல்டிட்யூட் 6,000 அடியைத் தாண்டும்; மெல்லிய காற்றில் கலவை மேலும் ரிச்சாகும்.

மாற்று வழிகளை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் 2023-இல் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம் ஈயமில்லாத யுஎல் 94-க்கு மாறி, எக்ஸாஸ்ட் வால்வு இருக்கை தேய்வதைக் கண்டு சில மாதங்களிலேயே 100 எல்எல்லுக்குத் திரும்பியது. தீலெர்ட் டீசல் எஞ்சின் எரிபொருளை மிச்சப்படுத்தியது உண்மை; கியர்பாக்ஸைக் குறுகிய இடைவெளியில் கழற்ற வேண்டியிருந்ததும், 2008-இல் நிறுவனம் திவாலானபின் உத்தரவாதம் போனதும் அந்த மிச்சத்தை விழுங்கின.

எனவே, பயிற்சிப் பள்ளிகளே, முதலில் வாடகையையும் எரிபொருளையும் தனித்தனியே வசூலியுங்கள். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் லிட்டரையும் டாக்கோமீட்டர் மணியையும் அடுத்தடுத்த கட்டங்களில் எழுதி, மாதம் ஒருமுறை பயிற்றுநர் பெயர்வாரியாகப் பலகையில் ஒட்டுங்கள்.