நான்கு அக்காக்களின் தம்பி

அடகுக்கடையில் நகையைத்தான் உரசிப் பார்ப்பார்கள். கூடப்பிறந்தவளிடம் கடன் கேட்டால் ஆளையே உரசிப் பார்த்துவிடுவாள். எண்பதுகளின் கடைசியில், ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கேசட் ரெக்கார்டிங் சென்டர் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. கடைக்குப் பெயர்கூட யோசித்தாகிவிட்டது. அக்காவிடம் போய் ஐயாயிரம் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “எந்த வேலையையாவது ஒரு வருஷம் முழுசாப் பார்த்திருக்கியாடா நீ?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. அதனால் கடையும் இல்லை.

வெகுகாலம் கழித்து, மோட்டவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் கதையைப் படித்தபோது திடுக்கிட்டேன். கிட்டத்தட்ட அதே கேள்வியை 1959இல், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், இன்னோர் அக்கா தன் தம்பியைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அந்தத் தம்பிக்கும் பதில் இல்லை. ஆனால் அவனுக்குப் பணம் கிடைத்தது.

தம்பியின் பெயர் பெர்ரி கோர்டி. ஸ்டீவி வொண்டர், டயானா ராஸ், மார்வின் கே, சிறுவன் மைக்கேல் ஜாக்சன் எல்லோரும் அவருடைய கம்பெனியிலிருந்து வந்தவர்கள்தான். எட்டுப் பிள்ளைகளில் ஏழாமவர். எஸ்தர், ஆனா, லூசி, க்வென் என்று மேலே நான்கு அக்காக்கள். அப்பாவும் அம்மாவும் 1922இல் ஜார்ஜியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா பூச்சு வேலை பார்த்தார், மளிகைக்கடை நடத்தினார், அச்சகமும் வைத்தார். அந்த வீட்டில் சோம்பேறிக்கு இடமில்லை. இவரோ பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் குத்துச்சண்டைக்குப் போனார். பிறகு ராணுவம், கொரியா. திரும்பி வந்து ஜாஸ் இசைத்தட்டுக் கடை ஒன்று போட்டு அதையும் மூடினார். அப்புறம் லிங்கன்-மெர்க்குரி கார் தொழிற்சாலையில் வாரம் 86 டாலர் 40 சென்ட் சம்பளம். கார்கள் வரிசையாக நகர்ந்து வரும்போது வாய்க்குள் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தாராம். கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் நிலையாக ஒன்றும் அமையவில்லை. நம் ஊரில் இப்படி ஒரு பிள்ளைக்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

கோர்டி வீட்டில் ஒரு குடும்பச் சீட்டு இருந்தது. அம்மா பெர்த்தா, அப்பா பெர்ரி இரண்டு பெயரையும் சேர்த்து ‘பெர்-பெர்ரி’ கூட்டுறவு என்று அதற்குப் பெயர். ஆளுக்கு மாதம் பத்து டாலர் போட வேண்டும். யாருக்காவது பணம் வேண்டுமென்றால் எல்லோரும் கூடிப் பேசித்தான் முடிவு. 1959 ஜனவரியில் பெர்ரி அங்கே போய் நின்றார். சொந்தமாக இசைத்தட்டுப் போட வேண்டும் என்றார். மூத்த அக்கா எஸ்தர்தான் மடக்கினார்: இருபத்தொன்பது வயதாகிறதே, இதுவரை என்ன சாதித்தாய்? மற்ற அக்காக்கள் பரிந்து பேசினார்கள். கடைசியில் 800 டாலர் கொடுத்தார்கள், சும்மா இல்லை. வரப்போகும் பாட்டு வருமானத்தை ஈடாக எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.

இந்தக் கையெழுத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கூடவே கொஞ்சம் பொறாமையும். எங்கள் வீடுகளில் ஒன்று, ‘தம்பிதானே’ என்று கணக்கே இல்லாமல் கொடுப்போம்; பிறகு இருபது வருஷம் பேசாமல் இருப்போம். அல்லது கொடுக்கவே மாட்டோம். கொடுத்துவிட்டுக் கணக்கும் கேட்கிற வீடு அபூர்வம்.

அந்த அக்காக்கள் சீட்டுப் பணத்தோடு நிற்கவில்லை. அதற்கு முன்பே, ஃப்ளேம் ஷோ பார் என்ற இரவு விடுதியில் ஆனாவும் க்வென்னும் புகைப்படம் எடுக்கும் குத்தகை வைத்திருந்தார்கள். பாடகர் ஜாக்கி வில்சனின் மேனேஜர் வந்துபோகும் இடம் அது. தம்பி பாட்டு எழுதுவான் என்று அங்கே சொல்லி வைத்தவர்கள் அவர்கள்தான். அதன் பிறகே 1957இல் பெர்ரியின் முதல் பாட்டு வெளியானது.

ஆனால் எனக்குப் பிடித்த அக்கா லூசி. அவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. இசைத்தட்டு வியாபாரத்தில் ஒரு விபரீதம் உண்டு: சின்னக் கம்பெனியைத் தோல்வி கொல்வதைவிட வெற்றி சீக்கிரம் கொன்றுவிடும். பாட்டு ஓட ஆரம்பித்ததும், இன்னும் ஐம்பதாயிரம் தட்டு அனுப்பு என்பான் விநியோகஸ்தன். தட்டு அச்சடிக்கிற தொழிற்சாலைக்காரனுக்குக் கையில் காசு வைக்க வேண்டும். விநியோகஸ்தனோ மாதக்கணக்கில் இழுப்பான். அடுத்த ஹிட் உன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பழைய பாக்கி வரும். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்க, கம்பெனி கடனில் மூழ்கிப் போகும். மோட்டவுனில் அந்தப் பில்லையும் பாக்கி வசூலையும் பார்த்தவர் லூசி. ‘ஷாப் அரவுண்ட்’ என்ற மோட்டவுன் பாட்டு பத்து லட்சத்தைத் தாண்டி விற்றபோது அதைப் பாடியவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அந்தப் பணம் வீடு வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அக்காவின் கண். 1965இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் இறந்துபோனார். அவர் பெயரில் தம்பி ஒரு கல்வி உதவி நிதி வைத்தார்.

கம்பெனி நடந்த இடமும் வீடுதான். வெஸ்ட் கிராண்ட் பூலவார்ட், எண் 2648. மாடியில் குடியிருப்பு, பின்பக்கம் கராஜில் ஒலிப்பதிவுக் கூடம். பூச்சு வேலை தெரிந்த அப்பாவும் கை கொடுத்தார். வாசலில் ‘ஹிட்ஸ்வில்’ என்று பலகை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே தொட்டில் கட்டி வியாபாரம் பார்த்த எங்கள் ஊர் ஜவுளிக்கடைக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

மாப்பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். ஆனாவைக் கட்டியவர் மார்வின் கே. மணப்பெண்ணுக்கு அவரைவிடப் பதினேழு வயது அதிகம். விவாகரத்தானபோது ஜீவனாம்சத்துக்கு வழியில்லாமல், அடுத்த ஆல்பத்தின் வருமானத்தில் ஒரு பகுதி ஆனாவுக்கு என்று தீர்மானமானது. அந்த ஆல்பத்தில் அந்தக் கல்யாணத்தையே கிழித்துத் தோரணம் கட்டினார் மார்வின். அதை வெளியிட்டதும் மச்சானின் கம்பெனியேதான். பெர்ரியின் மூத்த மகள் ஹேஸல் 1973இல் ஜெர்மெய்ன் ஜாக்சனை மணந்தார். இரண்டே வருஷத்தில் ஜாக்சன் சகோதரர்கள் வேறு கம்பெனிக்குக் கிளம்ப, ஜெர்மெய்ன் மட்டும் மாமனார் பக்கம் நின்றுவிட்டார். வீட்டோடு மாப்பிள்ளை என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் இசை உலகில் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு பெர்ரியைக் குடும்ப விளக்கு ஆக்கிவிட எனக்கு மனமில்லை. மூன்று கல்யாணம், மூன்றும் முறிந்தன. ஆறு பெண்களிடம் எட்டுப் பிள்ளைகள். டயானா ராஸுக்குப் பிறந்த மகள் ரோண்டாவுக்குத் தன் அப்பா யார் என்று தெரியவே பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் ஆனது. ‘எல்லோரும் ஒரே குடும்பம்’ என்ற பேச்சு அந்தக் கட்டடத்தில் ஓயாமல் கேட்கும். ஆனால் பாடகரின் இசைத்தட்டு, பாட்டு உரிமை, மேனேஜர் மூன்றும் அதே வீட்டுக்காரர்கள் கையில் இருந்தன. மேனேஜர் பிரிவைப் பார்த்தவர் எஸ்தர். பாடகர் தன் கூலியில் குறை என்றால் யாரிடம் போய்ச் சொல்வார்? ‘நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று முதலாளி சொல்லும்போது சம்பளச் சீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பல ஹிட் பாட்டுகளை எழுதிய ஹாலண்ட்–டோசியர்–ஹாலண்ட் மூவரும் கடைசியில் கோர்ட்டுக்குத்தான் போனார்கள். பின்னணி வாசித்த கலைஞர்களின் பெயர் 1971 வரை ஆல்பம் அட்டையில் வரவேயில்லை.

நல்ல கணவர் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல முதலாளியா என்றால், ஆளுக்கு ஆள் வேறு சொல்வார்கள். நல்ல தம்பி என்று மட்டும் தயங்காமல் சொல்வேன். கேள்வி கேட்ட அக்காவை ஒதுக்காமல், கூப்பிட்டுக் கம்பெனியிலேயே உட்கார வைத்தாரே!

இன்னொன்று. பாட்டு உரிமைகளை வைத்துக்கொள்ளத் தனியாக ஒரு நிறுவனம் வேண்டியிருந்தது. மூத்த பிள்ளைகள் மூவரின் பெயரிலிருந்து, ஜாய், பெர்ரி, டெர்ரி, இரண்டிரண்டு ஆங்கில எழுத்து எடுத்து ‘ஜோபீட்’ என்று வைத்தார். ஹேஸலின் முழுப்பெயர் ஹேஸல் ஜாய். 1988இல் மோட்டவுனை 6 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றார். ஜோபீட்டை விற்கவில்லை. 1997இல் அதில் பாதியை மட்டும் இ.எம்.ஐ. கம்பெனிக்குக் கொடுத்தார். விலை 13 கோடியே 20 லட்சம். உலகம் அறிந்த கம்பெனி முழுசாகப் போன விலையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், பிள்ளைகள் பெயர் வைத்த கம்பெனியின் பாதி.

1972இல் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தது. எஸ்தர் போகவில்லை. டெட்ராய்ட்டிலேயே தங்கி, காகிதம், படம், பழைய சாமான் எதையும் வீசாமல் வைத்திருந்தார். பாட்டுக் கேட்டவர்கள் அந்த ஹிட்ஸ்வில் வீட்டைத் தேடி வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்க, 1985இல் அதை அருங்காட்சியகமாக்கினார். அங்கே ஒரு மிட்டாய் மெஷின் உண்டு. பார்வையில்லாத சிறுவன் ஸ்டீவி வொண்டர் கையை நீட்டினால் கிடைக்கட்டும் என்று, அவனுக்குப் பிடித்த பேபி ரூத் மிட்டாயை எப்போதும் ஒரே வரிசையில் வைப்பார்களாம். எஸ்தர் 2011இல், 91 வயதில் இறந்தார். மெஷின் அங்கேயே நிற்கிறது.