மாடல் ஜெட்: ஃபேனா, டர்பைனா?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு எங்கள் தெருப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். விண்டோஸில் ஏதோ சந்தேகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவன் காட்டியது ஒரு வீடியோ. ரிமோட்டில் பறக்கும் குட்டி ஜெட் விமானம், நிஜ விமானம் போலவே ஊளையிட்டுக்கொண்டு போகிறது. "டர்பைன் இன்ஜின்ணா! செம கெத்து. அப்பா லோன் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டார்" என்றான். லோன் என்றதும்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மாடல் ஜெட்டுகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று டக்டட் ஃபேன். இதைப் புரிந்துகொள்ள உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாலே போதும். அங்கே ஒரு சட்டத்துக்குள் சுழலும் ஃபேன் இருக்கிறதல்லவா? அதில் இருப்பதும் பிரஷ்லெஸ் மோட்டார்தான். அதையே பல மடங்கு வேகமாகச் சுற்றவிட்டு, ஒரு குழாய்க்குள் அடைத்தால் டக்டட் ஃபேன். இறக்கை நுனிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்கும். அது அகன்றால் உந்துவிசை குறையும்.

அதற்காக இதைப் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். 90 மி.மீ. விட்டமுள்ள ஒரு ஃபேன், 22.2 வோல்ட் பேட்டரியிலிருந்து முழு வேகத்தில் சுமார் 80 ஆம்பியர் இழுக்கும். பெருக்கிப் பாருங்கள், 1,776 வாட்! உங்கள் வீட்டு எஸ்.எம்.பி.எஸ். 450 வாட் என்றால், அதைப்போல் நான்கு கம்ப்யூட்டர்களின் பசி இந்த ஒரு ஃபேனுக்கு. 5,000 எம்.ஏ.எச். பேட்டரி போட்டால் முழு வேகத்தில் நான்கு நிமிடம்கூடத் தாங்காது. அதனால்தான் டக்டட் ஃபேன்காரர்கள் வானத்தைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தை அதிகம் பார்ப்பார்கள்.

இன்னொரு ஜாதி டர்பைன். இது உண்மையான ஜெட் இன்ஜினின் குட்டி வடிவம். காற்றை இழுத்து, அழுத்தி, மண்ணெண்ணெய் வகை எரிபொருளை எரித்துப் பின்னால் துப்பும். 1980களின் இறுதியில் ஜெர்மனியின் குர்ட் ஷ்ரெக்லிங் என்பவர் இதை வீட்டிலேயே செய்து காட்டினார். அவருடைய இன்ஜினில் காற்றை அழுத்தும் சக்கரம் பிளைவுட்டால் ஆனது என்றால் நம்புவீர்களா? கார்பன் இழை சுற்றி அதற்குப் பலம் கொடுத்திருந்தார். இன்றைய டர்பைன்கள் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கின்றன. உள்ளே ஈ.சி.யு. என்ற சின்னக் கம்ப்யூட்டர் வெப்பத்தையும் வேகத்தையும் பார்த்து, எரிபொருள் பம்ப்பைக் கூட்டிக் குறைக்கிறது. தரையிறங்கிய பிறகும் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றி இன்ஜினை ஆற்றுவதும் அதன் வேலைதான். கம்ப்யூட்டர் பிரியனாக இந்த இடத்தில் எனக்கே சபலம் தட்டியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பையனிடம் வேண்டாம் என்றேன். விலை ஒரு காரணம். நல்ல டர்பைன் இன்ஜின் மட்டுமே லட்சங்களில் போகும். விமானம், ரிமோட், எரிபொருள் டாங்க் எல்லாம் தனிக்கணக்கு. சிறிய டக்டட் ஃபேன் விமானம் ஆயிரங்களில் முடிந்துவிடும்.

என் முக்கியக் காரணம் விலை இல்லை. எங்கள் ஊர். டர்பைனின் பின்வாயில் வரும் காற்று 600 டிகிரி செல்சியஸைத் தொடும். காய்ந்த புல் பற்றிக்கொள்ள அதில் பாதிச் சூடு போதும். விழுந்தால் கூடவே லிட்டர் கணக்கில் எரிபொருளும் சிதறும். திருவண்ணாமலையில் கோடை வந்தால் மலைச்சரிவில் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மலையில் தீப்பிடிப்பது எங்களுக்குப் புதிதல்ல. தன்னார்வலர்கள் வருடக்கணக்காகக் கன்று நட்டு, தீ பரவாமலிருக்கப் புல்லை வெட்டிப் பாதை எடுத்துக் காப்பாற்றி வரும் மலை அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் அதைக் கொளுத்திவிட்டு யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அமெரிக்காவில் மாடல் விமானச் சங்கமே டர்பைன் ஓட்டத் தனி அனுமதி கேட்கிறது. தீயணைப்புக் கருவியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எடையையும் யோசியுங்கள். 10 கிலோ உந்துவிசையுள்ள டர்பைனை மாட்டும் விமானமே கிட்டத்தட்ட அந்த எடை இருக்கும். அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் கட்டுப்பாடு இழந்தால்? 14 கி.மீ. கிரிவலப் பாதையில் பௌர்ணமி என்றில்லை, சாதாரண நாளிலும் நடப்பவர்கள் உண்டு. தவிர, டர்பைன் ஜெட்டுக்கு நல்ல ஓடுதளம் வேண்டும். இங்கே நமக்குக் கிடைப்பது அறுவடை முடிந்த மல்லாட்டைக் கொல்லைதான். கையால் வீசிப் பறக்கவிடும், சக்கரமில்லாத 64 அல்லது 70 மி.மீ. ஃபேன் ஜெட்டுக்கு அதுவே தாராளம். கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இங்கே ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. டக்டட் ஃபேனின் லித்தியம் பாலிமர் பேட்டரியும் சாது அல்ல. நசுங்கினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ அதுவும் எரியும். உப்பிப்போன பேட்டரியைத் தொடாதீர்கள். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், கம்ப்யூட்டர் டேபிள் மேல் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். ஆனாலும் கொல்லையில் ஒரு பேட்டரி எரிந்தால் நாலு கூடை மண்ணோடு முடிந்துவிடும் என்பது என் கணக்கு. கோடையில் மலையோரம் மட்டும் அதுவும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டருக்கு வேலை கொடுங்கள். பிக்காசிம் என்ற சிமுலேட்டர் இலவசம், சுமாரான கம்ப்யூட்டரிலும் ஓடும். ஜெட்டுகளே வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்கும் ரியல்ஃபிளைட் இருக்கிறது. அதற்கு ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவை. சில ரிமோட்களை யு.எஸ்.பி. ஒயரில் நேரடியாகச் செருகினால் ஜாய்ஸ்டிக் ஆகவே தெரியும். கீபோர்டில் மட்டும் பழகாதீர்கள், விரல் தப்பாகப் படிந்துவிடும்.

சிமுலேட்டரில் ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண புரொப்பெல்லர் விமானத்தில் த்ராட்டிலை ஏற்றினால் உடனே வால் மேல் காற்று அடிக்கும். ஜெட்டில் அது கிடையாது. டக்டட் ஃபேன் சற்றுத் தாமதமாக எழும். டர்பைனோ அடங்கிய நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வரச் சில விநாடிகள் எடுக்கும். இறங்கும்போது கடைசி நொடியில் "ஐயோ" என்று த்ராட்டிலைத் தள்ளினால் இரண்டுமே கைகொடுக்காது. ஐம்பது முறை திரையில் மோதினால் செலவு பூஜ்யம்.

சட்டமும் உண்டு. 25 கிலோவுக்கு உட்பட்டு, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடும் மாடல்களும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளுக்குள் வருகின்றன. உங்கள் இடம் எந்த நிற மண்டலத்தில் இருக்கிறது என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். மூன்று வாரம் கழித்து வந்து, "ணா, சிமுலேட்டர்ல நூத்திப் பன்னெண்டு தடவ விழுந்துட்டேன்" என்றான். லோன் விண்ணப்பத்தை அவன் அப்பா இன்னும் கொடுக்கவில்லையாம். 64 மி.மீ. ஃபேனுக்கு எந்த பேட்டரி சரி என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.