முதல் டேங்க் தீர்ற வரைக்கும் பொறு மச்சி!

திருச்சியிலிருந்து மூன்றாமாண்டு மெக்கானிக்கல் நண்பர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "சார், எங்க ஏரோமாடலிங் கிளப்ல பத்துப் பேர் காசு போட்டு 46 சைஸ் க்ளோ எஞ்சின் ஒண்ணு வாங்கினோம். டப்பாவைப் பிரிச்சு கையால சுத்திப் பார்த்தா ஒரு இடத்துல வந்து இறுகிப் பிடிக்குது. கிறீச்னு சத்தம் வேற. பீஸ் டிஃபெக்ட்டா? திருப்பி அனுப்பிடலாமா?"

அனுப்பாதீங்க பாஸ். அந்த இறுக்கத்துக்குத்தான் நீங்க காசு கொடுத்திருக்கீங்க!

முதலில் அந்த 46. அது சி.சி. கிடையாது. 0.46 கன அங்குலம், அதாவது சுமார் ஏழரை சி.சி. உள்ளங்கையில் அடங்குகிற சமாச்சாரம், ஒன்றரை குதிரைத்திறனுக்கு மேல் கொடுக்கும். இந்த சைஸ் எஞ்சின்களில் பலவற்றில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், அதைச் சுற்றி குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ். இதற்குத்தான் ஏபிசி என்று பெயர். குரோமியத்துக்குப் பதில் நிக்கல் பூசினால் ஏபிஎன். ஸ்லீவ் நேர்க்குழாய் இல்லை. மேலே போகப் போக தலைமுடி அளவுக்கும் குறைவாகக் குறுகும். எஞ்சின் சூடானதும் பித்தளை, பிஸ்டனை விட அதிகமாக விரியும். அப்போதுதான் இரண்டும் சரியாகப் பொருந்தும். ஆறிக் கிடக்கும்போது மேல்முனையில் கவ்விப் பிடிப்பது அதனால்தான்.

ஆகவே "ஃப்ரீ ஆகட்டும்" என்று ராத்திரி முழுக்க ரூமில் உட்கார்ந்து கையால் சுற்றுவது, எமரி பேப்பர் போடுவது, இரண்டும் கூடாது. எண்ணெய் இல்லாமல் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் அந்த இறுக்கத்தைத் தின்கிறது. ஸ்டார்ட் பண்ணும் முன் எஞ்சினைக் கால் மணி நேரம் நம்ம ஊர் வெயிலில் வையுங்கள், இளகிக் கொடுக்கும். ஊட்டி, கொடைக்கானல் மாணவர்கள் மட்டும் ஹேர் டிரையர் தேடிக்கொள்ளவும்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான். கெடுத்துத் தெரிந்துகொண்டவன். காலேஜில் எங்களுடைய முதல் எஞ்சின். மறுநாள் சிம்போசியத்தில் டெமோ. புது எஞ்சினை முதல் டேங்க்கிலேயே நீடிலைத் திருகி உச்சத்துக்குக் கொண்டுபோனோம். ஆஹா, என்ன ஒரு சத்தம்! கைதட்டினோம். நாலு நிமிஷம். பிறகு குரல் கம்மியது, நின்றது. திறந்து பார்த்தால் பிஸ்டன் முழுக்க மேலிருந்து கீழ் கோடு கோடாகக் கீறல். கேட்டுக்கு எதிரே டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அண்ணனிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் அதுவரை மாடல் எஞ்சினையே பார்த்ததில்லை. ஆனால் நாங்கள் ஓட்டிய சத்தம் ரோட்டைத் தாண்டி அவருக்குக் கேட்டிருந்தது. "தம்பிகளா, நீங்க பாட்டு பாடுதுன்னு நினைச்சீங்க. அது எண்ணெய் கேட்டு அழுதுச்சுப்பா" என்றார்.

க்ளோ எஞ்சினில் தனியாக ஆயில் டேங்க் கிடையாது. எரிபொருளோடு கலந்து போகும் எண்ணெய்தான் அதற்கு எல்லாம். நீடிலை இறுக்கி எரிபொருளைக் குறைத்தால் எண்ணெயும் குறையும், குளிர்ச்சியும் குறையும். இதைத்தான் 'லீன்' என்கிறோம். நீடிலைத் திறந்து எரிபொருளை அள்ளிக் கொடுத்தால் 'ரிச்'. புது எஞ்சின் விஷயத்தில் ரிச்சாக இருந்து தோற்றவன் மறுநாள் திரும்ப முயற்சி பண்ணலாம். லீனாகப் போனவன் திரும்ப சந்தா வசூல் பண்ண வேண்டும்!

எரிபொருள் என்றதும் ஒரு எச்சரிக்கை. பெட்ரோலும் டூ-டி ஆயிலும் ஊற்றிவிட்டு "ஸ்டார்ட்டே ஆகலை சார்" என்று வருகிறவர்கள் நிறைய. ஆகாது. இதில் ஸ்பார்க் பிளக் இல்லை. க்ளோ பிளக்கின் உள்ளே பிளாட்டினக் கலவையில் ஒரு குட்டிச் சுருள் இருக்கிறது. பேட்டரி வைத்து முதலில் சிவக்க வைக்கிறோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியைக் கழற்றி விடலாம், சுருள் தொடர்ந்து சிவந்தே இருக்கும். காரணம், பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் ஆவி பட்டால் அந்த இடத்திலேயே வினை நடந்து வெப்பம் வரும். கெமிஸ்ட்ரி புத்தகத்தில் வினையூக்கி என்று படித்தீர்களே, அதுவேதான். பெட்ரோலுக்கும் இந்தச் சுருளுக்கும் அந்த உறவு இல்லை. 1947-இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதுவரை குட்டி விமானங்கள் சுமந்துகொண்டிருந்த இக்னிஷன் காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாம் ஒரே நாளில் இறங்கின.

எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால், சுமார் 20 சதவீதம் எண்ணெய், மீதி நைட்ரோமீத்தேன். பழகுவதற்கு 5 முதல் 15 சதவீதம் நைட்ரோ போதும். அது இல்லாமலும் ஓடும். எண்ணெயில் ஒரு பகுதியாவது ஆமணக்கு எண்ணெயாக இருந்தால் நல்லது. ஆமாம், சின்ன வயசில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தார்களே, அந்த விளக்கெண்ணெய் குடும்பம்தான்! மெத்தனாலில் நன்றாகக் கரையும், எஞ்சின் தப்பித் தவறி லீனாகிச் சூடேறினாலும் சீக்கிரத்தில் கைவிடாது. அதற்காக மளிகைக் கடை பாட்டிலை வாங்கி ஊற்றாதீர்கள். பிசின் நீக்கிய ரகம் வேண்டும்.

இனி சொல்வதைச் சிரிக்காமல் படியுங்கள். மெத்தனால் விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்தது இதுதான். கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போகும். தமிழ்நாட்டில் இது உரிமம் வேண்டிய பொருள். அதனால் கெமிக்கல் கடையில் ஆள் பிடித்து வாங்கி ஹாஸ்டலில் கலக்குகிற வேலை வேண்டவே வேண்டாம். டிபார்ட்மென்ட் மூலமாக, ஒரு சாரை முன்னால் நிறுத்தி, தயாராகக் கலந்த எரிபொருளாக வாங்குங்கள். அது ஒருநாளும் தண்ணீர் பாட்டிலுக்குள் போகக்கூடாது. ஹாஸ்டல் ரூமில் ராத்திரி தாகத்துக்கு எழுந்தவன் லைட் போட்டுப் பார்த்தா குடிப்பான்? பைக்கிலிருந்து பெட்ரோல் எடுக்கிற மாதிரி டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. கையில் பட்டால் தோல் வழியாகவும் உள்ளே போகும், உடனே கழுவுங்கள். இதன் ஜுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நனைந்த சாக்கும் இருக்கட்டும். கேனை உடனே இறுக்கி மூடவும் வேண்டும், இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும்.

சரி, மாட்டுவோம். கனமான பலகை, அதில் எஞ்சின் மவுண்ட், நாலு போல்ட், பலகையை பெஞ்சோடு சேர்த்து கிளாம்ப். எஞ்சின் உடம்பை வைஸில் கடிக்க வைக்காதீர்கள், நசுங்கும். டேங்க்கின் நடுக்கோடு நீடில் வால்வின் உயரத்துக்கு, அல்லது துளி கீழே. உயரமாக வைத்தால் எரிபொருள் தானாக வழிந்து எஞ்சினை நிரப்பிவிடும். டேங்க்கின் ஒரு டியூப் கார்புரேட்டருக்கு, இன்னொன்று சைலன்சர் முளைக்கு. சிலிக்கான் டியூப்தான் வேண்டும். 46-க்கு 11x6 ப்ரொப்பெல்லர் நல்ல தொடக்கம், எண் அச்சிட்ட பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். நுனியில் கீறல் இருந்தால் குப்பையில் போடுங்கள், ஃபெவி குவிக் வேண்டாம்.

பிளக்குக்கு ஒன்றரை வோல்ட் போதும், ஆனால் மூன்று ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ரிமோட்டின் பென்சில் செல் திணறும். பைக் பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்தால் ஒரு கண் சிமிட்டலில் சுருள் காலி. எஞ்சினில் போடும் முன் பிளக்கை வெளியே வைத்து பேட்டரி கொடுத்துப் பாருங்கள், பளிச்சென்று ஆரஞ்சாக எரிய வேண்டும். "ஒரு மணி நேரமா சுத்தறோம்" கேஸ்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நீடிலை மேனுவல் சொல்லும் சுற்றுக்குத் திறங்கள், பெரும்பாலும் இரண்டரை, மூன்று. த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கார்புரேட்டர் வாயை விரலால் மூடி, பேட்டரி இல்லாமல் இரண்டு மூன்று சுற்று. டியூபில் எரிபொருள் ஏறி வருவது தெரியும். விரலை எடுத்து, த்ராட்டிலைக் கால் பாகத்துக்குக் குறைத்து, இன்னும் சில சுற்று. கட்டை போல் இறுகி நின்றால் உள்ளே எரிபொருள் நிரம்பிவிட்டது. பலம் காட்டாதீர்கள், கனெக்டிங் ராட் வளையும். பிளக்கைக் கழற்றி, முகத்தைத் தள்ளி வைத்து, சுற்றி வெளியேற்றுங்கள். எல்லாம் சரியென்றால் பேட்டரியை மாட்டி, முன்னாலிருந்து பார்க்க இடஞ்சுழியாக, தடித்த மரக்குச்சியாலோ எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டராலோ தட்டுங்கள். விரலால் அல்ல.

ஏன் என்றால்.. 11 அங்குல ப்ரொப்பெல்லர் 12,000 ஆர்.பி.எம்-மில் விநாடிக்கு 200 முறை சுற்றுகிறது. நுனியின் வேகம் மணிக்கு 630 கிலோமீட்டர். கண்ணுக்குத் தெரிவது மங்கலான ஒரு வட்டம், அவ்வளவுதான். எங்கள் குழுவில் ஒருவன் எஞ்சின் ஓடும்போது முன்னால் நின்றபடி கையை நீட்டி நீடிலைத் திருகினான். ஆள்காட்டி விரலில் ஐந்து தையல். வலது கை. அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் அரியர், பேனா பிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்த விரல் முழுக்க மடங்காது.

ஆகவே எஞ்சின் பிடித்ததும் செய்கிற முதல் வேலை, பின்பக்கம் போவது. பேட்டரி கழற்றுவதும் நீடில் திருகுவதும் பின்னாலிருந்துதான். ப்ரொப்பெல்லர் சுற்றும் தளத்துக்கு நேரே, பக்கவாட்டில், ஒருத்தரும் நிற்கக்கூடாது, பிளேடு உடைந்தால் பறக்கும் திசை அது. ஐ.டி. கார்டு கயிற்றைக் கழற்றி பாக்கெட்டில் போடுங்கள். துப்பட்டாவை இறுக்கிக் கட்டுங்கள். மணலும் சரளையும் இருக்கும் தரை வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

இப்போது காதைத் தீட்டுங்கள். சோக்கை எடுக்காமல் ஆர்எக்ஸ் 100 ஓட்டியிருக்கிறீர்களா? வண்டி "பட.. பட.. பட" என்று விட்டு விட்டு இருமும். நிறைய ரிச்சாக இருக்கும் டூ ஸ்ட்ரோக் ஒன்று விட்டு ஒன்று எரிவதால் வரும் சத்தம் அது. ஏரோமாடலிங்கில் 'ஃபோர் சைக்கிள்' என்பார்கள். நீடிலை ஒவ்வொரு கிளிக்காக உள்ளே திருகினால் ஓரிடத்தில் இருமல் நின்று ஒரே இழையாக "ஙீ.." என்று மாறும், அதுதான் 'டூ சைக்கிள்'. ஏபிசி எஞ்சினுக்கு இந்த இரண்டும் சந்திக்கிற எல்லைக்கோட்டில், டூ சைக்கிள் பக்கம் சற்றே சாய்ந்து, சைலன்சரிலிருந்து புகை தாராளமாக வரும்படி ஓட விட வேண்டும். ஒரேயடியாக இருமவிட்டால் ஸ்லீவ் சூடாகாது, விரியாது, அந்த மேல்முனை இறுக்கம் தேய்ந்து போகும். ரிங் போட்ட எஞ்சின் என்றால் கதை வேறு, அது நன்றாக இருமியே பழகலாம்.

இரண்டு மூன்று நிமிஷம் ஓட்டம், பிறகு த்ராட்டிலை மூடி நிறுத்தி, தொட்டால் சுடாத அளவுக்கு முழுக்க ஆறவிடுங்கள். திரும்ப ஓட்டம், திரும்ப ஆறல். நடுநடுவே சில விநாடி மட்டும் லீனாக்கி உடனே பழைய இடத்துக்கு வாருங்கள். இப்படி இரண்டு மூன்று டேங்க். போரடிக்கும்தான். கூட ஒரு நண்பனையும் டீ ஃபிளாஸ்க்கையும் வைத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் வார்டனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

நீடில் எங்கே இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், முழு த்ராட்டிலில் எஞ்சினுக்குப் பின்னாலிருந்து எரிபொருள் டியூபை ஒரு நொடி நசுக்கி விடுங்கள். வேகம் சற்று ஏறி இறங்கினால் ரிச், நிம்மதி. ஏறாமலே தொய்ந்தால் லீன், உடனே நீடிலைத் திறங்கள். உச்ச வேகத்தைக் கண்டுபிடித்த பிறகும் அங்கேயே நிற்காமல் சில கிளிக் பின்வாங்குவதுதான் வழக்கம், ஏனென்றால் விமானம் மூக்கைத் தூக்கி ஏறும்போது கலவை தானாக லீன் ஆகும்.

சாயந்திரம் டேங்க்கைக் காலி பண்ணி, எஞ்சினை அது நிற்கும் வரை ஓட்டி, பிளக் ஓட்டையிலும் கார்புரேட்டரிலும் சில சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் விட்டு நாலு சுற்று சுற்றி வையுங்கள். மெத்தனால் இழுத்து வந்த ஈரம் ஒரே வாரத்தில் பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்துவிடும்.

திருச்சி நண்பரே, மூன்று டேங்க் முடித்துவிட்டு எழுதுங்கள். அந்த கிறீச் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தால் சந்தோஷப்படுங்கள். எஞ்சினை விமானத்தில் ஏற்றுவது, எங்கே பறக்கவிடலாம், 2021 டிரோன் விதிகள் மாடல் விமானத்தைப் பற்றி என்ன சொல்கின்றன என்பதெல்லாம் அடுத்த வாரம்.